முதல் ஏர் ரைஃபிள்: .177-ஆ, .22-ஆ?

கேள்வி: ஏர் ரைஃபிள் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கையில் பணம் அதிகம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த பதினைந்து மீட்டர் நீள இடம் இருக்கிறது, அங்கே காகிதத்தில் குறிவைத்துச் சுட ஆசை. பதினான்கு வயது மகளும் பழக வேண்டும் என்கிறாள். கிடங்கில் எலித் தொல்லை வேறு. .177 சின்னப் பிள்ளைகள் சுடுவது, வாங்கினால் .22தான் வாங்க வேண்டும் என்கிறார் நண்பர். கடையில் காட்டிய துப்பாக்கியின் பெட்டியில் நொடிக்கு 1,200 அடி வேகம் என்று போட்டிருந்தது. தெரிந்தவர் ஒருவர் பழைய .22 ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். .177 வாங்குங்கள். மடக்கிச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியாக, மிதமான சக்தி உள்ளதாக வாங்குங்கள். 1,200 அடி என்று போட்ட பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பழைய .22-ஐ நேரில் போய்ப் பார்க்கலாம், தவறில்லை, ஆனால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏர் ரைஃபிள்களைப் பிரித்துச் சரிசெய்வதும், புதிதாக வருகிறவர்களுக்குச் சுடச் சொல்லித்தருவதும்தான் பல வருடங்களாக என் வேலை. என்னிடம் பழுதுக்கு வருகிற துப்பாக்கிகளில் கணிசமானவை உண்மையில் பழுதானவையே அல்ல, வாங்கியவருடைய தேவைக்குப் பொருந்தாதவை. பதினைந்து மீட்டரில் காகிதம் சுட நினைத்தவர் நாற்பது மீட்டர் வேட்டைத் துப்பாக்கியை வாங்கியிருப்பார். அது அவர் தோளை உலுக்கும், குறி தவறும், இரண்டு மாதத்தில் அலமாரி மேல் போய்விடும். அதனால்தான் காலிபர் பற்றி யார் கேட்டாலும் எங்கே சுடப் போகிறீர்கள், எவ்வளவு தூரம், எதை என்று திருப்பிக் கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்றுக்கும் பதில் இருந்தது, அது எனக்குப் பெரிய உதவி.

காலிபர் என்பது குழலின் உள் விட்டம், அவ்வளவுதான். .177 என்றால் 4.5 மி.மீ., .22 என்றால் 5.5 மி.மீ. இடையில் .20 என்று 5 மி.மீ. ஒன்று உண்டு, அதற்கு பெல்லட், அதாவது உள்ளே போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டு, தேடி அலைய வேண்டும், விடுங்கள். .25, அதாவது 6.35 மி.மீ., மலிவான ஸ்பிரிங் துப்பாக்கியில் வாங்கினால் பெல்லட் கல்லெறிந்த மாதிரி வளைந்துதான் போகும், அந்தக் கனத்தைத் தள்ள அதன் பிஸ்டனுக்குத் தெம்பு போதாது. ஆக உங்களுக்கு மிச்சம் இரண்டுதான்.

இந்த இரண்டில் எது 'பவர்' அதிகம் என்று கேட்பதே தவறான இடத்தில் தொடங்குவது. ஒரே மாடல் துப்பாக்கியை இரண்டு காலிபரிலும் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அதேதான், பிஸ்டனும் அதேதான், அழுத்தப்படும் காற்றும் அதேதான். அதனால் வெளியே வருகிற சக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான், .22-இல் கொஞ்சம் கூடலாம். அந்தச் சக்தி எப்படிச் செலவாகிறது என்பதில்தான் வித்தியாசம். வழக்கமான .177 பெல்லட் சுமார் அரை கிராம், .22 பெல்லட் சுமார் 0.9 கிராம். 15 ஜூல் சக்தி உள்ள துப்பாக்கி முதலாவதை நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் அனுப்பும், இரண்டாவதை 180 மீட்டர் வேகத்தில்தான் அனுப்ப முடியும். ஒன்று லேசாக, வேகமாக, நேராகப் போகிறது. மற்றது கனமாக, மெதுவாக, வளைந்து போகிறது.

வளைந்து என்றால் எவ்வளவு? மேலே சொன்ன வேகங்களை வைத்துக் கணக்குப் போட்டால், 35 மீட்டர் போவதற்குள் .177 பெல்லட் குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 13 செ.மீ. கீழே இறங்கியிருக்கும், .22 சுமார் 22 செ.மீ. இறங்கியிருக்கும். குழல்மேல் இருக்கும் குறிபார்க்கும் பாகத்தை, அதாவது குறிப்பானை, திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அது நீங்கள் திருத்தி வைத்த ஒரு தூரத்துக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஐந்து மீட்டர் பிசகினால் .177 சற்றே கீழே அடிக்கும், .22 குறியை விட்டே போய்விடும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய விஷயம். தப்பு தன் கையிலா, தூரக் கணக்கிலா என்றே தெரியாமல் குழம்பிப்போவார். உங்கள் பதினைந்து மீட்டரில் இந்த வித்தியாசம் சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அது .177 பக்கம்தான் சாய்கிறது.

அதைவிட முக்கியமானது பெல்லட் செலவு. துப்பாக்கி ஒருமுறைதான் வாங்குவீர்கள், பெல்லட் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். ஒழுங்காகப் பழக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது சுட வேண்டும், மாதம் ஆயிரத்து ஐந்நூறு, மகளும் சேர்ந்தால் இரட்டிப்பு. .177-இல் ஈயம் குறைவு, தயாரிப்பும் அதிகம், அதனால் விலை குறைவு, வகைகளும் ஏராளம். பணம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் பெல்லட் செலவைப் பார்த்துப் பார்த்துச் சுடுகிறவர் முன்னேறவே மாட்டார், இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நண்பர் சொன்னது முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். .22 பெல்லட் பருமனானது, விரலுக்கு அடங்கும், குழலில் வைப்பது சுலபம், வயதானவர்களுக்கும் விரல் தடித்தவர்களுக்கும் அது நிம்மதி. அடிபடும் பரப்பு ஒன்றரை மடங்கு. பயிரைத் தின்னும் முயல் மாதிரி உயிர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறவர்கள் .22-ஐ விரும்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் .177 சின்னப் பிள்ளைகள் சுடுவது என்றால், ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி முழுவதும் 4.5 மி.மீ.-இல்தான் நடக்கிறது. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் அந்தப் போட்டி சேர்க்கப்பட்டதிலிருந்து அதுதான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் அதில்தான். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அந்தக் காகிதத்தில் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ., பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. அதை அடிப்பது எந்தப் பிள்ளை விளையாட்டும் இல்லை.

அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் வேகம் தெரியுமா? நொடிக்கு சுமார் 170, 175 மீட்டர்தான். அடியில் சொன்னால் 570 சொச்சம். உலகத்திலேயே துல்லியமான ஏர் ரைஃபிள்கள் அந்த வேகத்தில் சுடுகின்றன, உங்களுக்குக் கடையில் காட்டியதோ 1,200. இந்த எண்ணைப் பார்த்துத்தான் புதிதாக வருகிற எல்லோரும் ஏமாறுகிறார்கள், எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. அந்த 1,200 பெரும்பாலும் ஈயமே இல்லாத, இறகு மாதிரி லேசான உலோகக் கலவை பெல்லட்டைப் போட்டு அளந்தது. அந்த பெல்லட்டை நீங்கள் வாங்கப்போவதில்லை, வாங்கினாலும் அது நேராகப் போகாது. உண்மையிலேயே 1,200 அடி போனால் இன்னும் மோசம். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர், அதாவது ஆயிரத்து நூறு அடிக்குச் சற்று மேல். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை போல் விரிந்த இந்த பெல்லட் வடிவம் அந்த வேகத்துக்கானது இல்லை. ஒலி வேகத்தைத் தாண்டிப் போய் மறுபடி கீழே இறங்கும்போது காற்று அதைப் பிடித்து உலுக்கும், தடுமாறும், குறி சிதறும். போதாததற்கு 'டமார்' என்று சத்தம் வேறு, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். சாதாரண ஈய பெல்லட்டோடு .177-இல் நொடிக்கு 180-லிருந்து 250 மீட்டர் வரை இருந்தால் உங்கள் வேலைக்குப் போதும், அதிலும் கீழ்ப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, எந்த வகைத் துப்பாக்கி? ஸ்பிரிங் என்று சொன்னேன். குழலை மடக்கினால் உள்ளே கனமான ஸ்பிரிங் சுருங்கும், டிரிகரை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும். வேறு எதுவும் வேண்டாம், துப்பாக்கியும் பெல்லட்டும் இருந்தால் போதும். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு நிரப்பிய சிலிண்டர் வைத்தவையும் உண்டு. அவற்றில் அதிர்வு குறைவு, ஆனால் பழுதானால் உள்ளேயிருக்கும் பாகத்தை அப்படியே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கோ ஒடிந்தாலும் தெரிந்தவர் கையில் கொடுத்தால் புதிது போட்டுத் தந்துவிடுவார். சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டுச் சுடுபவை சுகமாக இருக்கும், குப்பி செலவு நிற்காது, குளிர்ந்தால் வேகமும் இறங்கிவிடும். முன்கூட்டியே காற்றடைக்கும் பிசிபி வகை இருக்கிறதே, அதுதான் இன்று எல்லோருக்கும் ஆசை. எனக்கும் பிடிக்கும், அதிர்வே இல்லாமல் குறி அள்ளும். ஆனால் இருநூறு, முந்நூறு பார் அழுத்தத்துக்குக் காற்றடைக்க அதற்கென்றே பம்போ சிலிண்டரோ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் வளையங்கள் மாற்ற வேண்டும். துப்பாக்கி விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, காற்றடைக்க வழியில்லாமல் தூக்கிவருகிறவர்கள் உண்டு. இரண்டு வருடம் போகட்டும், அப்போதும் ஆசை இருந்தால் பாருங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒரு சங்கடம் உண்டு, அதை முன்பே தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது. டிரிகர் இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் தள்ளும். பிஸ்டன் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் குதிக்கும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்து அடக்கலாம் என்று நினைப்பீர்கள், எல்லோரும் நினைப்பார்கள். முடியாது. ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் மாறும், துப்பாக்கி ஒவ்வொரு விதமாகக் குதிக்கும், துளைகள் தட்டு அளவுக்குச் சிதறும். விட்டுப் பிடிக்க வேண்டும். முன்கை உள்ளங்கையை விரித்து அதன் மேல் துப்பாக்கியின் கட்டை சும்மா படுத்திருக்கட்டும், விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டாம். தோளில் லேசாகத் தொட்டால் போதும். துப்பாக்கி எப்படிக் குதிக்க வேண்டுமோ அப்படியே ஒவ்வொரு முறையும் குதிக்க விடுங்கள், கை அதே இடத்தில் இருக்கட்டும். சுவர்மேலோ மேசைமேலோ நேராக வைத்துச் சுடாதீர்கள். இதைச் சொல்லித்தந்த ஒரு மணி நேரத்தில் சிதறல் பாதியாகக் குறைந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதே ஆள், அதே துப்பாக்கி.

ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, இப்போது வேண்டாம். மலிவான ரைஃபிளோடு இலவசமாக வருகிற ஸ்கோப் பெரும்பாலும் வீண். முன்னும் பின்னும் குதிக்கிற இந்த அதிர்வு, பின்பக்க உதைப்புக்கு மட்டும் செய்த நல்ல ஸ்கோப்பையே உடைத்துவிடும். நூறு மீட்டருக்குத் திருத்தி வைத்த ஸ்கோப்பில் பத்து மீட்டர் குறி மங்கலாகவும் தெரியும். இரும்புக் குறிப்பான் நல்லதாக இருக்கிற துப்பாக்கியாகப் பாருங்கள். பின்குறிப்பானை மேல்கீழ், பக்கவாட்டு இரண்டுக்கும் திருப்ப முடிய வேண்டும். பதினைந்து மீட்டருக்கு அது தாராளம், மகளுக்கும் அடிப்படை சரியாக அமையும். பிற்பாடு ஸ்கோப் வாங்கினால் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்தது, பத்து மீட்டர் வரை தெளிவு திருத்த முடிகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தப் பழைய .22. பாதி விலை என்பது துப்பாக்கி நன்றாக இருந்தால்தான் லாபம். பகலில் போங்கள். குழலை மடக்கும் முன், மூடிய நிலையிலேயே அதைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது, இறுக்கினால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். மெதுவாக மடக்குங்கள். கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் ஸ்பிரிங் வளைந்திருக்கலாம் அல்லது ஒடிந்திருக்கலாம். குழல் மூடுகிற இடத்தில் ஒரு சிறு வளையம் இருக்கும், காற்று அங்கே கசியக் கூடாது. மெல்லிய டிஷ்யூத் தாள் கீற்று ஒன்றை அந்த இணைப்பின்மேல் வைத்து பெல்லட் போட்டுச் சுடச் சொல்லுங்கள், தாள் பறந்தால் கசிவு. அந்த வளையம் மலிவானதுதான், அதற்காகத் துப்பாக்கியை ஒதுக்க வேண்டாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். குழலின் வாய் விளிம்பை உற்றுப் பாருங்கள், அங்கே சின்ன நசுங்கல் இருந்தாலும் பெல்லட் வெளியேறும்போது ஒருபக்கம் தள்ளிவிடும். குழல் வளைந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்து கண்ணை ஒட்டிப் பாருங்கள். மடக்கிய நிலையில் யாராவது டிரிகரை இழுத்திருந்தால் குழல் அடித்து மூடி, மேல்நோக்கி வளைந்திருக்கும். கட்டையில் திருகு இருக்கும் இடங்களில் விரிசல் உண்டா பாருங்கள். சுடும்போது புகையும் எரிந்த எண்ணெய் வாடையும் பலமாக வந்தால், யாரோ கண்ட எண்ணெயை அழுத்தக் குழாய்க்குள் ஊற்றியிருக்கிறார்கள். அழுத்தத்தின் சூட்டில் அந்த எண்ணெய் வெடித்து ஸ்பிரிங்கையும் பிஸ்டன் வளையத்தையும் தின்றுவிடும். கடைசியாக ஒன்று, பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுக் காட்டினால் அவரிடம் வாங்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை வெறுமனே சுட்டால் தடுக்கும் காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும், அவர் இத்தனை நாள் அப்படித்தான் வைத்திருந்திருப்பார்.

இதில் எல்லாம் தேறினால்? நன்றாக இருக்கும் .22, மட்டமான புது .177-ஐவிட மேல்தான். உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுத்தால் வாங்கலாம். சட்டம் என்று ஏன் சொல்கிறேன் என்றால் இது நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 7.5 ஜூல்தான் எல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல். இந்தியாவில் 20 ஜூல் எல்லையோடு 4.5 மி.மீ. என்ற காலிபர் எல்லையும் உண்டு, அதனால் அங்கே .22 என்றாலே உரிமக் கேள்வி வந்துவிடும். வயது வரம்பு, வீட்டு வளாகத்தில் சுடலாமா என்பதெல்லாம் தனி. விற்கிறவர் சொல்வதை நம்பாமல் நீங்களே காவல் நிலையத்திலோ உரிமம் தரும் அலுவலகத்திலோ கேட்டுவிட்டுப் பணம் எடுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் துப்பாக்கிக்குப் போடாதீர்கள். மிச்சத்தில் இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி, பெல்லட்டைத் தாங்கும் பெட்டி, அப்புறம் நான்கைந்து வகை பெல்லட். நான்கைந்து வகை என்பது வீண் செலவு போலத் தெரியும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும், அதே மாடலில் அடுத்த துப்பாக்கிக்கு வேறொன்று பிடிக்கும், சுட்டுப் பார்க்காமல் கண்டுபிடிக்க வழியே இல்லை. பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்கத் தட்டைத் தலை நல்லது, வட்டமாக வெட்டிய மாதிரி துளை விழும், எண்ணச் சுலபம். அதற்கு மேல் தூரம் போனால் உருண்டைத் தலை. கூர்முனை, குழிமுனை எல்லாம் பார்க்க அழகு, குறியில் அநேகமாக இரண்டுக்கும் கீழேதான். இரும்பு உருண்டைகளை இந்தக் குழலில் போடவே கூடாது, உள்ளே இருக்கும் திருகு வரிகள் போய்விடும். புதுத் துப்பாக்கி என்றால் முதல் சில நூறு சுடும்வரை குறி நிலைக்காது, அதற்குள் பெல்லட்டைக் குறைசொல்ல வேண்டாம். கட்டைத் திருகுகள் அதிர்வில் தளரும், வாரம் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். குறி திடீரென்று ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மகளைப் பற்றி எழுதியதில் எனக்கு மிகவும் சந்தோஷம். அவளுக்காகவே மிதமான சக்தி என்று அழுத்திச் சொல்கிறேன். பலம் அதிகமான ஸ்பிரிங் துப்பாக்கிகள் பெரும்பாலும் கனமானவை, மடக்கவும் பெரியவர்களே மூச்சுப் பிடிக்க வேண்டும். பத்துச் சுட்டதும் கை நடுங்கும், அப்புறம் பழகுவது எதுவும் நல்ல பழக்கமாக இராது. அளவுக்கு ஒன்று சொல்கிறேன், வைரௌக் கம்பெனியின் எச்டபிள்யூ 30 என்ற ரைஃபிள் சுமார் இரண்டரை கிலோதான், மடக்கச் சுலபம், டிரிகர் அருமை. மலிவு இல்லை, அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை, கடையில் வேறு எதைத் தூக்கிப் பார்த்தாலும் அந்த எடையையும் அந்த லேசையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவளையும் கூட்டிப்போங்கள். தோளில் வைத்ததும் தலை கட்டைமேல் தானாகச் சாய வேண்டும், கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தால் கட்டை அவளுக்கு நீளம்.

மடக்கும்போது ஒரு விதி உண்டு, வீட்டில் யாரும் அதை மீறக் கூடாது. பெல்லட் வைத்து முடித்துக் குழலை மூடும்வரை இன்னொரு கை குழலை விடவே கூடாது. உள்ளே கொக்கி நழுவினால் குழல் அடித்து மூடும், நடுவில் விரல் இருந்தால் விரல் போய்விடும். நசுங்கிய கட்டைவிரலோடு ஒருவர் என் பட்டறைக்கு வந்து நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. முதல் சில வாரம் நீங்களே மடக்கிக் கொடுங்கள். சுடுகிறவர், பக்கத்தில் நிற்கிறவர் இருவருக்கும் கண்ணாடி. சுட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, பெல்லட் ஈயம்.

மதில் இருக்கிறது, அதுவே தடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் நேராகப் பட்ட பெல்லட் சுட்டவரையே நோக்கித் திரும்பி வரும், கெட்டியான பலகையிலிருந்தும் வரும். ஆழமான மரப்பெட்டி செய்து, பின்பக்கம் தடித்த இரும்புத் தகட்டை மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி நிறுத்துங்கள், அடித்த பெல்லட் கீழே மணலில் விழும். பழைய துணியை இறுக்கித் திணித்தாலும் சரி, ஆனால் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் பட்டால் துளைந்துவிடும், அடிக்கடி மாற்றிக் கட்ட வேண்டும். பெட்டிக்குப் பின்னாலும் மதில் இருக்கட்டும், அந்தப் பக்கம் வாசல், ஜன்னல், ஆள் நடக்கும் வழி எதுவும் இருக்கக் கூடாது. மதிலைத் தாண்டிப் போகும் பெல்லட் முந்நூறு மீட்டர்வரை போய் விழக்கூடியது.

எலிக்கு வருகிறேன், தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. பத்து மீட்டருக்குள் எலியைக் கொல்ல .177 தாராளமாகப் போதும், நண்பர் நினைப்பது போல .22 அவசியம் இல்லை. ஆனால் தலையில் பட்டால்தான் அது உடனே சாகும், உடம்பில் பட்டால் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து மணிக்கணக்கில் துடிக்கும், அதை எந்தக் காலிபரும் மாற்றாது. எலியின் தலை ஒரு நாணய அளவு. காகிதத்தில், அதே தூரத்தில், ஐந்துக்கு ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் விழ வேண்டும், அதுவும் ஒரு நல்ல நாளில் மட்டும் அல்ல, தொடர்ந்து விழ வேண்டும். அதற்கு உங்களுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அப்படி வந்த பிறகும் கிடங்குக்குள் சுட நான் சம்மதிக்கமாட்டேன், தரையும் சுவரும் கெட்டி, பெல்லட் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. கிடங்குக்கு இன்றைக்கே நான்கு எலிப்பொறி வாங்கி, சுவரை ஒட்டி எலி ஓடும் வழியில் வையுங்கள்.